ஓடைக்கரிசலின் நாற்பத்தொரு துண்டு

வாருங்கள் அம்மா, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். நேற்று போனில் பேசிய வக்கீலம்மா நீங்கள்தானே? குரலை வைத்து வயதானவராக இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

விஷயம் எனக்குத் தெரியும். ஓடைக்கரிசல் ஆட்களுக்காக வந்திருக்கிறீர்கள். வருகிற புதன்கிழமை மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் விசாரணை. நூற்று முப்பத்திரண்டு ஏக்கர் நிலம் சூரிய மின்சாரக் கம்பெனிக்கா, நாற்பத்தொரு வீட்டுக்காரர்களுக்கா என்பது அன்றைக்கு முடிவாகும். அதற்கு என் வாக்குமூலம் வேண்டும். காகிதத்தை மேஜையில் வையுங்கள், நிதானமாக வாசிக்கிறேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பத்தொன்பது வருஷம் அந்த ஊரில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். வாசிக்காமல் போட்ட கையெழுத்து ஒன்றுகூட இல்லை. பொய்யாகப் போட்டதும் இல்லை.

அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன். அவர்கள் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஆவுடையப்பன் கம்பெனிக்கு விலைபோய்விட்டான் என்று. விலையாவது ஒன்றாவது. அந்தக் கம்பெனித் தம்பியோடு ஒரே ஒரு டீ குடித்திருக்கிறேன். அதுவும் என் காசில் நான் குடித்தது. அவன் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான்.

நான் அந்த ஊருக்கு வேலைக்குப் போனது தொண்ணூற்றைந்தில். கணக்கப்பிள்ளை வேலையை எண்பதிலேயே எடுத்துவிட்டு அரசாங்கம் எங்களைப் போட்டுவிட்டது. ஆனாலும் ஓடைக்கரிசலில் கடைசிவரைக்கும் என்னைக் கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

போன முதல் வாரம் பழைய அடங்கல் நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். உங்களுக்கு அடங்கல் தெரியும். எந்த நிலத்தில், எந்த வருஷம், யார், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதுகிற பதிவேடு. அந்த நூற்று முப்பத்திரண்டு ஏக்கருக்கு எதிரே எனக்கு முன்னால் இருந்தவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'ஊரார்.' ஒரே ஒரு சொல். அதற்குக் கீழே 'மேற்படி.' அடுத்த வருஷமும் மேற்படி. அவருக்கு முன்னால் இருந்த பழைய கணக்கப்பிள்ளையும் அதே மேற்படிதான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஊரார், மேற்படி, மேற்படி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கட்டத்தில் பெயர் எழுத வேண்டும் அம்மா. ஊரார் என்பது ஒரு ஆளா? அவருக்கு அப்பா பெயர் என்ன? வீட்டை விட்டு வெளியே இறங்கச் சோம்பல், வேறொன்றும் இல்லை.

அந்த நிலம் அரசாங்கப் புத்தகத்தில் தரிசு. அவர்கள் எத்தனையோ தலைமுறையாக உழுகிறார்கள். உழுதாலும் தரிசு என்று ஒரு தடவை எழுதிவிட்டால் தரிசுதான். அதை நாற்பத்தொரு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஓடையை ஒட்டியிருக்கிற துண்டுகள் நல்ல கரிசல், ஈரம் நிற்கும். மேட்டுப் பக்கம் சுக்கான் கல். அங்கே குதிரைவாலி போட்டாலும் குருவிக்குத்தான் ஆகும். அதனால் என்ன செய்வார்களென்றால், வருஷா வருஷம் ஆவணி மாதத்தில் சீட்டுப் போடுவார்கள். சீட்டு என்றால் காகிதம் இல்லை. வீட்டுக்கு ஒரு அடையாளம் உண்டு. ஒரு வீட்டுக்குச் சோழி, ஒரு வீட்டுக்கு மாட்டுக் கொம்பில் போடுகிற குப்பி, ஒருவனுக்கு உடைந்த கீல். அதையெல்லாம் ஒரு பானையில் போட்டு, ஊரே காட்டுக்கு நடக்கும். அந்தப் பக்கம் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வார்கள். முதல் துண்டின் தலைமாட்டில் நின்று பானைக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார்கள். யாருடைய அடையாளம் வருகிறதோ அந்த வீட்டுக்கு அந்த வருஷம் அந்தத் துண்டு. அடுத்தது, அடுத்தது என்று நாற்பத்தொன்று முடிய உச்சி வெயில் வந்துவிடும்.

எடுப்பது யார் என்று கேளுங்கள். அந்த ஊருக்குக் கடைசியாக வாக்கப்பட்டு வந்த பெண். அவளுக்கு இன்னும் யாரோடும் பகை இல்லை, யாரோடும் கொஞ்சலும் இல்லை. அதனால் அவள் கைதான் நடுநிலையாம். ஒரு வருஷம் அப்படி வந்த பெண் தன் மாமியார் வீட்டுக்கே சுக்கான் மேட்டை எடுத்துவிட்டாள். மாமியார்க்காரி அங்கேயே, "நல்லா வளத்து அனுப்பிருக்காக, மொத நாளே வீட்டுல கல்லைப் போட்டுட்டா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அடுத்த வருஷம் அது வேறு வீட்டுக்குப் போய்விடும், அதனால் சிரிக்கலாம்.

சீட்டுப் போட்ட வருஷமெல்லாம் நான் கூடவே நடந்தேன். குடை, நோட்டு, ஒரு டம்ளர். டம்ளர் எப்போதும் என் பையில் இருக்கும். அந்தத் தெருவில் மோர் கொடுத்தால் என் டம்ளரில் ஊற்றச் சொல்வேன். எனக்கு வயிறு சரியில்லை, அதனால்தான். வேறு எந்த ஊரிலும் அந்த டம்ளரை நான் எடுத்துப்போனதில்லை, அந்த ஊர் வெயில் அப்படி.

ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அந்த வருஷம் உழுகிறவனின் பெயர், அப்பா பெயர், பயிர். இரண்டு மாரிமுத்து உண்டு, மூன்று சண்முகம் உண்டு, ஒருவனைக்கூட மாற்றி எழுதியதில்லை. தொண்ணூற்றேழு ஜமாபந்தியில், அதுதான் வருஷக் கணக்குத் தணிக்கையில், தாசில்தார் என் நோட்டைக் கையில் தூக்கிக் காட்டி, ஒரு கிராமத்துக் கணக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார். பின்னால் திரும்பிப் பாருங்கள், மாட்டியிருக்கிறேன்.

அந்த ஆட்களுக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று அவர்கள் சொல்ல முடியாது. அறுவடை முடிந்ததும் வந்து தங்கள் பெயர் எங்கே என்று காட்டச் சொல்வார்கள். கொண்டையா என்று ஒருவன், அவன் பெண்டாட்டி சீனியம்மா. அவள்தான் முதலில் வந்தாள். புருஷன் பெயர் எது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா? காத்தடிச்சாப் போயிராதா கணக்கப்பிள்ளை?" என்றாள். அரசாங்க மையில் எழுதியிருக்கிறது, எந்தக் காற்றுக்கும் போகாது என்றேன். அது இன்றைக்கும் போகவில்லை, பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் அப்படியே இருக்கிறது.

பிறகு பட்டா ஆசை வந்தது. நானே வழிகாட்டினேன். ஜமாபந்தியில் ஊர் பேரில் கூட்டாக ஒரு மனு கொடுத்தார்கள். ஊர் பேரில் பட்டா கொடுக்க விதி இல்லை, தனித்தனியாக விண்ணப்பிக்கவும் என்று திரும்பி வந்தது. நான் சொன்னேனே, ஊரார் என்பது ஒரு ஆள் இல்லை. சரியென்று நாற்பத்தொரு பேரும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். வரைபடம் இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. வரைபடம் சர்வேயர் வந்து அளந்தால்தான் கிடைக்கும். அவர் வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. அவருக்கு மூட்டு வலி, அந்த ஊருக்கு நாளைக்கு இரண்டே பஸ்.

வந்தார். மனுவைப் பார்த்தார். ஏழாம் துண்டு குருவையா என்று மனு. குருவையா என்றால் அந்த ஊர் நாட்டாமை. ஏழாம் துண்டில் போய் நின்றால் அங்கே உளுந்து போட்டிருப்பவன் சண்முகம். நடுவில் ஒரு ஆவணி வந்து போய்விட்டதே. மனுதாரர் அனுபவத்தில் இல்லை, அதாவது நிலம் அவன் கையில் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். நாற்பத்தொன்றுக்கும் அதே. அவர் எழுதியதில் என்ன தப்பு? குருவையா அங்கே இல்லைதானே? அவன் பத்தொன்பதாம் துண்டில் இருந்தான்.

மறுபடியும் மனு, மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் ஒரு ஆவணி. குருவையா என்னிடம் வந்து என்னதான் செய்வது என்று கேட்டான். நான் யோசித்து ஒரு நல்ல யோசனை சொன்னேன். சர்வேயர் வருகிறவரைக்கும் சீட்டை நிறுத்திவையுங்கள், ஆளுக்கு இருக்கிற துண்டில் இருங்கள் என்றேன். என் வேலையில்லை அது, ஆனாலும் சொன்னேன். அவர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். நிறுத்துவதென்று முடிவு செய்தார்கள்.

அந்த வருஷம் சுக்கான் மேட்டில் இருந்தது சீனியம்மா வீடு.

ஒரு வருஷம் போனது. சர்வேயருக்குத் தேர்தல் வேலை. இரண்டாவது வருஷம் அவர் மாற்றலாகிப் போனார், புது ஆள் வரவில்லை. மூன்றாவது வருஷம் புது ஆள் வந்தார், சங்கிலியும் கருவியும் வரவில்லை. இரண்டு வருஷம் கொண்டையா அந்தக் கல்லில் விதைத்தான். முதல் வருஷம் விதை வந்தது. அடுத்த வருஷம் அதுவும் வரவில்லை. ஓடைக் கரையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு மரக்கால் என்று கொடுத்தார்களாம், அவன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். கேரளத்துக்குக் கல் உடைக்கப் போனான். திரும்பி வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. அது குடும்ப விவகாரம். வருவாய்த் துறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அவன் போன பிறகு அடங்கலில் அவள் பெயரையே எழுதினேன். சீனியம்மா, கணவர் பெயர் கொண்டையா, சுக்கான் மேடு, பயிர் இல்லை. ஒரு பெண்ணின் பெயரை அனுபவக் கட்டத்தில் அந்தக் கிராமத்தில் முதன்முதலாக எழுதியது நான்தான். இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாலாவது வருஷம் ஆவணியில் அவர்களால் பொறுக்க முடியவில்லை. சீட்டுப் போட்டுவிட்டார்கள். சீனியம்மாவுக்கு ஓடைக்கரைத் துண்டு விழுந்தது, அவள் அழுதாளாம். ஐப்பசியில், இரண்டே மாதம் கழித்து, சர்வேயர் வந்து நிற்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். மூன்று வருஷம் பொறுத்தவர்களுக்கு இரண்டு மாதம் பொறுக்கத் தெரியவில்லை. நாற்பத்தொரு மனுவில் நாற்பது தள்ளுபடி. ஒருவனுக்கு மட்டும் அதிர்ஷ்டம், பானையிலிருந்து பழைய துண்டே மறுபடியும் அவனுக்கு வந்திருந்தது. அவன் மனு சரியாக இருந்தது. ஆனால் நூற்று முப்பத்திரண்டு ஏக்கரில் ஒரு துண்டை மட்டும் உட்பிரிவு செய்ய முடியாது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். சட்டத்துக்கு முன்னால் எல்லாரும் சமம்.

இப்போது கம்பெனிக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று. நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. ஹரீஷ் என்று ஒரு தம்பி வந்தான். கம்பெனியில் நிலம் பார்க்கிற அதிகாரி. வெள்ளைச் சட்டை, காலில் சேறு படாத செருப்பு. என்னை சார் என்றான். அந்த வேலையில் என்னை சார் என்று கூப்பிட்டவர்கள் குறைவு அம்மா. அவன் கொண்டுவந்த மனுவைப் பார்க்க வேண்டுமே. முதல் பக்கத்தில் பொருளடக்கம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டி, நீலத்தைத் திருப்பினால் வரைபடம், மஞ்சளைத் திருப்பினால் உறுதிமொழி. ஓடைக்கரிசல்காரர்கள் மனு கொண்டுவந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? உரச்சாக்கின் உள்பையில் சுருட்டி, அடுப்புப் புகை நாற்றத்தோடு இருக்கும். எலி கடித்த ஓரம். நான் அப்போதே நினைத்தேன், ஒரு மனு போடுவதில்கூட எவ்வளவு வித்தியாசம் என்று. அக்கறை இருக்கிறவன் எப்படிச் செய்கிறான் பாருங்கள்.

வரைபடம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சர்வேயர் அளந்துதான். கம்பெனி ஜீப் போய்க் கூட்டிவந்தது. ஜீப் இருந்தால் மூட்டு வலி தெரியாது. காலையில் வந்தவர் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். ஒரே நிலமாக அளப்பது சுலபம், சுற்றி வந்தால் போதும். நாற்பத்தொரு வரப்பை அளக்கச் சொன்னால் யாருக்குத்தான் கஷ்டம் இருக்காது?

ஹரீஷ் தம்பி என் அடங்கல் நோட்டுகளை இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தான். நானும் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். சார், இந்த மாதிரி ஒரு ரெக்கார்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றான். அவன் எத்தனை மாநிலத்தில் வேலை பார்த்தவன். அந்தத் தாசில்தாருக்குப் பிறகு என் எழுத்தை உட்கார்ந்து வாசித்தவன் அவன் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் ஒரு கேள்வி கேட்டான். "சார், இந்த நாற்பத்தொரு துண்டுல ஏதாவது ஒண்ணுல, ஒரே ஆள் தொடர்ந்து அஞ்சு வருஷம் இருந்திருக்காரா?"

தரிசில் ஒருவன் உரிமை கேட்க அத்தனை வருஷத் தொடர்ச்சி வேண்டும். நான் யோசித்தேன். சீட்டை நிறுத்திவைத்தபோது ஆளுக்கு மூன்று வருஷம், பழைய துண்டே திரும்ப வந்த ஒருத்தனுக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்குமேல் யாரும் இல்லை. அந்த ஒருத்தனும் அடுத்த ஆவணியில் மாறிவிட்டான். இல்லை என்றேன்.

"அதை மட்டும் எழுதிக் கொடுங்க சார், போதும்."

எழுதினேன். உங்கள் காகிதக் கட்டுக்குள் அதன் நகல் இருக்கும். 'மேற்கண்ட புலத்தின் எந்தப் பகுதியிலும் எந்த ஒரு நபரும் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் அனுபவத்தில் இருந்ததாகப் பதிவு இல்லை.' ஒரு சொல் பொய்யா? காட்டுங்கள். ஒரே ஒரு சொல்.

அன்றைக்குச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரி காந்திமதியிடம் சொன்னேன். ஆபீஸ் விஷயம் வீட்டில் பேசுவதில்லை, அன்றைக்கு என்னவோ சொன்னேன். அவள் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்கதான வருசா வருசம் அவுக சீட்டுப் போடும்போது கூட நிப்பீக?" என்றாள். ஆமாம், ஆனால் அவன் கேட்டது அது இல்லை என்றேன். "அவன் கேக்க மாட்டான்லா" என்றாள். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. போன மாசியோடு அவள் போய் இரண்டு வருஷம். அவளுக்கு வருவாய்த் துறை விதி தெரியாது, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தேழு நாள். கம்பெனி மனுக் கொடுத்து முப்பத்தேழாவது நாள் ஆணை வந்துவிட்டது. ஓடைக்கரிசல்காரர்களுக்குப் பதினாறு வருஷம். இதைத்தான் அநியாயம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ஒரே அலுவலகம் அம்மா, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலில் ஏழை பணக்காரன் என்று எழுதியா போட்டிருக்கிறது?

வேலி போட்டார்கள். அது ஒரு ஆவணி. ஊரே பானையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, புதுப்பெண் முன்னால். வாசலில் காவலுக்கு நின்றவன் பாஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். என்ன செய்தார்கள் தெரியுமா? வேலிக்கு வெளியே நின்றபடியே சீட்டு எடுத்தார்கள். முதல் துண்டு இன்னார், இரண்டாம் துண்டு இன்னார் என்று கம்பி வழியாகக் கையை நீட்டிக் காட்டி. இன்றைக்கு வரைக்கும் வருஷா வருஷம் எடுக்கிறார்கள் என்கிறார்கள். உள்ளே முழுக்கக் கண்ணாடிப் பலகை. ஒருவனுக்கு முந்நூறு பலகை விழும், இன்னொருவனுக்கு மின்மாற்றி விழும். சுக்கான் மேடு விழுந்தால் இப்போதும் திட்டுகிறார்களாம். எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று முழுக்கச் சொல்ல முடியாது. நீங்கள்தான் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தீர்களா? இல்லையா? அவர்களாகவேவா?

வேலி போட்ட மறுநாள் சீனியம்மா என் ஆபீசுக்கு வந்தாள். தனியாக வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "அந்தக் காட்டுல யாரும் இல்லன்னு எழுதிட்டீராமே. அப்ப வருசா வருசம் கொடையப் பிடிச்சுக்கிட்டு வந்து, யாரப் பாத்து எழுதுனீரு?" என்றாள்.

நான் யாரும் இல்லை என்று எழுதவில்லை, தொடர்ச்சியாக என்றுதான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் புரியாது. மனுவாகக் கொடு, எழுத்து மூலம் கேட்டால் முப்பது நாளில் பதில் வரும் என்றேன். "நான் ஒம்மத்தான கேக்கேன், மனு எதுக்கு?" என்றாள். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். போய்விட்டாள். மனு வரவில்லை. வந்திருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

காந்திமதி இறந்தபோது ஓடைக்கரிசலிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. பத்தொன்பது வருஷம் பழகின ஊர். சீனியம்மா மட்டும் வந்தாள். தெரு முனையிலேயே நின்றுவிட்டுப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை.

சரி, கொடுங்கள், வாசிக்கிறேன். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஆவுடையப்பனாகிய நான். சரி. இரண்டாவது பத்தி, பணிக்காலம், சரி. மூன்றாவது, சீட்டு வழக்கம். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், புதுப்பெண் எடுப்பதைக்கூட விடவில்லை. நாலு, நான் கூட நடந்தது. ஐந்து, அடங்கலில் உள்ள பெயர்கள் உண்மை. ஆறு, அந்த நாற்பத்தொரு குடும்பத்தைத் தவிர வேறு எவரும் பத்தொன்பது வருஷத்தில் அங்கே ஏர் பூட்டியதில்லை. உண்மை. ஒரு வெளியாள்கூட இல்லை. நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அதே நாற்பத்தொரு பெயர், வருஷா வருஷம் இடம் மட்டும் மாறி மாறி. இதை என் நோட்டிலிருந்தா எடுத்தீர்கள்? என் நோட்டே சாட்சி என்கிறீர்களா? கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை அம்மா. கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன்.

இது என்ன, ஏழாவது?

'மேற்படி சான்றை வழங்கியபோது, பெயர்கள் மாறியதற்குக் காரணம் சீட்டு வழக்கமே என்பதும், நிலம் முழுவதும் அக்குடும்பங்களின் பொது அனுபவத்தில் தொடர்ச்சியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சான்றில் குறிப்பிடவில்லை.'

இது வேண்டாம். மற்ற ஆறுக்கும் இப்போதே போடுகிறேன். இதை அடித்துவிடுங்கள். பொய் என்று நான் சொல்லவில்லையே. உண்மைதான். ஆனால் சான்றில் காரணம் எழுதக் கட்டம் இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில். இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யாராவது ஒரு அதிகாரி பிடித்துக்கொண்டு, ஏன் மறைத்தாய் என்று பென்ஷனில் கை வைப்பான். நான் மறைக்கவில்லை. தெரிந்தும் என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதுதான்.

இது இல்லாவிட்டால் மற்ற ஆறும் ஒரு கிழவனின் பழங்கதை என்று கம்பெனி வக்கீல் தள்ளிவிடுவார் என்கிறீர்கள். அந்தச் சான்று நிற்கும், அது நிற்கிறவரை நிலம் திரும்பாது. புரிகிறது. புரியாமல் இல்லை. நான் முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன். எனக்கு வருத்தம்தான். போய் அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆவுடையப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று.

நானே சொல்வதா? யாரிடம்?

சீனியம்மாவா? ஆட்டோவிலா இருக்கிறாள்? இவ்வளவு நேரமா? நீங்கள் சொல்லவே இல்லையே. இந்த வெயிலில் அதற்குள்ளே உட்கார வைத்துவிட்டு வந்து என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிட வேண்டாம். வேண்டாம் அம்மா, போனை எடுக்காதீர்கள். அவள் உள்ளே வந்தால் கேட்பாள். அவளுக்கு மனுப் போடத் தெரியாது, நேராகத்தான் கேட்பாள்.

இறங்கிவிட்டாளா? எங்கே, ஜன்னல் பக்கம் நகருங்கள். ஆமாம். நரை விழுந்துவிட்டது. தெருக்குழாயில் முகம் கழுவுகிறாள். தண்ணீர் குடிக்கிறாள், கையைக் குவித்து. வீட்டுக்கு வந்து கேட்டால் நான் கொடுக்க மாட்டேனா?

இங்கேதான் வருகிறாள்.

பேனாவைக் கொடுங்கள். என் பேனா உள்ளே இருக்கிறது, எடுக்க நேரமில்லை, உங்கள் பேனாவையே கொடுங்கள். எந்தப் பக்கம்? இங்கேயா? எல்லாப் பக்கத்திலுமா? தேதி என்ன இன்றைக்கு? ஏழாவதுக்குக் கீழேயும் தனியாகப் போட வேண்டுமா? சரி. போட்டாயிற்று. மடித்து உள்ளே வையுங்கள், சீக்கிரம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆட்டோவில் போகும்போது, கணக்கப்பிள்ளை என்னத்தில் கையெழுத்துப் போட்டார் என்று உங்களிடம் கேட்பாள். புதன்கிழமை அங்கே எல்லாவற்றையும் வாசிப்பார்கள், அது தெரியும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கு மட்டும், ஆறாவது பத்தி வரைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.